சி நிரலை ஓடவிடாமல் குறை காணுதல்: நிலைப் பகுப்பாய்வின் வரலாறு

ஒரு கணினி நிரலை இயக்கிப் பார்க்காமல், அதன் மூலநிரலை மட்டும் படித்துக் குறைகளைக் கண்டறியும் முறைக்கு நிலைப் பகுப்பாய்வு என்று பெயர். ஸ்டாட்டிக் அனாலிசிஸ் என்று தொழில் வழக்கில் சொல்லப்படும் இம்முறை 1970-களில் சி மொழியை ஒட்டி வளர்ந்தது. அக்காலத்தில் இதன் நோக்கம் நிரலாளரின் கவனக்குறைவைச் சுட்டிக்காட்டுவதாக மட்டுமே இருந்தது. 1988-க்குப் பிறகு அந்த நோக்கம் மாறியது. அதே கவனக்குறைவு வெளியாள் ஒருவர் கணினிக்குள் நுழையும் வாசலாகவும் அமையும் என்பது அப்போது நடைமுறையில் தெரிந்தது. இன்று இயக்க முறைமைகளின் கருவும், வலைப்பின்னல் கருவிகளின் உள்ளமைப்பும் பெரும்பாலும் சி மொழியிலும் அதன் வழிவந்த சி++ மொழியிலும் எழுதப்பட்டவை. வங்கி, மருத்துவமனை, துறைமுகம் ஆகிய எல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கின்றன. தூத்துக்குடி போன்ற துறைமுக நகரத்துக்கு இந்த வரலாறு அன்னியமானதன்று என்பதை 2017-இல் மும்பையை அடுத்த நவசேவா துறைமுகம் பட்ட பாடு காட்டியது.

மாதிரிச் சோதனையும் அதன் எல்லையும்

நிரலைச் சோதிப்பதில் இரு வழிகள் உண்டு. ஒன்று, சில உள்ளீடுகளைக் கொடுத்து இயக்கிப் பார்ப்பது. மற்றது, இயக்காமல் ஆராய்வது. முதல் வழியின் இயல்பை விளக்கத் தூத்துக்குடிக் கடற்கரையிலேயே நல்ல எடுத்துக்காட்டு உள்ளது.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன் கடலடியில் உள்ள பார்களைச் சோதிப்பது வழக்கம். ஆங்கிலேயர் ஆட்சியில் இது அரசு அலுவலர்களின் பணியாக ஒழுங்கு செய்யப்பட்டது. குளிப்பவர்களை இறக்கிச் சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பார்கள். அவற்றைக் கரையில் அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளை வணிகர்களிடம் காட்டி மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு வரும். அந்தக் கணக்கு தேறினால்தான் முத்துச்சலாபம் நடக்கும். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1922-இல் வெளியான தம் அறிக்கையில் இப்பார்களின் வரலாற்றை விரிவாகத் தொகுத்தார். இந்த ஏற்பாடு அறிவுக்கு உகந்ததே. ஆனால் எடுத்த சிப்பியைப் பற்றித்தான் அது உறுதியாகச் சொல்லும். எடுக்காத சிப்பியைப் பற்றிச் சொல்வது ஊகமே. இளஞ்சிப்பிகள் நிறைந்து காணப்பட்ட பார் அடுத்த ஆண்டு வெறுமையாகக் கிடந்ததும் உண்டு. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்த குளிப்புகளுக்குப் பிறகு பெரிய அளவில் சலாபம் எதுவும் நடைபெறவில்லை.

நிரலை இயக்கிச் சோதிப்பதும் இத்தகைய மாதிரிச் சோதனைதான். பத்தாயிரம் உள்ளீடுகளுக்குச் சரியாக விடை தந்த நிரல், பத்தாயிரத்து ஒன்றாவதற்கு முறிந்துபோகலாம். சாதாரணப் பயனர் அந்த உள்ளீட்டைத் தரப்போவதில்லை என்பதால் குறை பல ஆண்டுகள் மறைந்து கிடக்கும். தாக்குபவரோ அதைத் தேடியே வருகிறார். பாதுகாப்புக் குறைகளுக்கு இயக்கிச் சோதிப்பது மட்டும் போதாது என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

சி மொழியின் இயல்பு

டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சி மொழியை உருவாக்கினார். 1973-இல் யூனிக்ஸ் இயக்க முறைமையின் கரு இம்மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அக்காலக் கணினிகளின் நினைவகம் மிகச் சிறியது. ஆகவே சி மொழி நிரலாளரை நம்பியது. ஓர் அணியில் நூறு இடங்கள் என்று அறிவித்துவிட்டு நூற்றைம்பதாவது இடத்தில் எழுதச் சொன்னாலும் அது தடுக்காது. அந்த இடத்தில் வேறு எந்த மாறி இருக்கிறதோ அதன்மேல் எழுதிவிட்டு நகர்ந்துவிடும்.

சி மொழியில் எழுத்துச்சரம் ஒன்று எங்கே முடிகிறது என்பதை அதன் இறுதியில் வரும் சுழியப் பைட்டு காட்டுகிறது. சரத்தின் நீளம் தனியாக எங்கும் குறிக்கப்படுவதில்லை. ஒரு சரத்தை வேறிடத்துக்குப் படியெடுக்கும் ஸ்ட்ர்காப்பி என்னும் செயற்கூறு, சுழியம் வரும்வரை எழுதிக்கொண்டே போகும். எழுதப்படும் இடத்தின் அளவை அது கேட்பதும் இல்லை. கெட்ஸ் என்னும் செயற்கூறு இன்னும் மோசம். விசைப்பலகையிலிருந்தோ வலைப்பின்னலிலிருந்தோ வரும் வரியை அது எவ்வளவு நீளமானாலும் வாங்கி நினைவகத்தில் இறக்கும். அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த வழியே கிடையாது. இருந்தும் சி மொழியின் தரநிலையிலிருந்து அது நீக்கப்பட 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒதுக்கிய இடத்துக்கு மேல் தரவு வழிந்து பக்கத்து இடத்தை அழிப்பதை இடையக வழிதல் என்பர். செயற்கூறு ஒன்று தன் வேலையை முடித்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியும் அதே அடுக்கில்தான் வைக்கப்படுகிறது. வழிந்த தரவு அந்த முகவரியின்மேல் விழுந்தால், தரவை அனுப்பியவர் விரும்பிய இடத்துக்குக் கணினி போய்விடும். அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் 1972-இல் எழுதிய அறிக்கையிலேயே இத்தகைய தாக்குதல் விவரிக்கப்பட்டுள்ளது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

லிண்ட்

சி நிரல்களுக்கான முதல் நிலைப் பகுப்பாய்வுக் கருவியான லிண்ட்டை எழுதியவர் பெல் ஆய்வகத்தின் ஸ்டீஃபன் ஜான்சன். அதைப் பற்றிய அவரது ஆவணம் 1978-இல் வந்தது. 1979-இல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் கருவி பரவியது. துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லே அதன் பெயர். துணி நல்லதுதான், துகளைத் தட்டிவிட்டால் போதும் என்ற மனப்பான்மை பெயரிலேயே தெரிகிறது.

தொகுப்பியின் வேலை நிரலை விரைவாக இயந்திர மொழிக்கு மாற்றுவது. அதில் நுணுக்கமான சோதனைகளைச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் நேரம் வீணாகும். ஆகவே ஆராயும் வேலையைத் தனிக்கருவியிடம் ஒப்படைத்தார் ஜான்சன். மதிப்பு தரப்படாத மாறி, ஒருபோதும் எட்டமுடியாத வரி, ஒரு கோப்பில் ஒரு வகையாகவும் மறு கோப்பில் வேறு வகையாகவும் அழைக்கப்படும் செயற்கூறு ஆகியவற்றை லிண்ட் சுட்டியது. ஒரு கணினியில் எழுதிய நிரலை வேறு கணினிக்குக் கொண்டுபோகும்போது வரும் சிக்கல்களையும் சொன்னது. தாக்குபவர் என்ற எண்ணம் அதில் இல்லை. பயனர்கள் அன்று முதலே ஒரு குறையைச் சொல்லிவந்தனர்: கருவி அளவுக்கு மீறிப் பேசுகிறது. நூறு எச்சரிக்கைகளில் தொண்ணூறு பயனற்றவை என்றால், மீதிப் பத்தையும் யாரும் படிப்பதில்லை. இச்சிக்கல் இன்றுவரை இத்துறையை விட்டுப் போகவில்லை.

இதே ஆண்டுகளில் கணிதப் பக்கத்திலும் அடித்தளம் போடப்பட்டது. நிரலின் ஒவ்வொரு புள்ளியிலும் எந்தத் தகவல் உண்மையாக இருக்கும் என்பதைக் கணக்கிடும் பொதுமுறையை கேரி கில்டால் 1973-இல் வெளியிட்டார். பாட்ரிக் கூசோ, ராடியா கூசோ ஆகிய இணையர் 1977-இல் அருவ விளக்கம் என்னும் கோட்பாட்டை முன்வைத்தனர். மாறியின் சரியான மதிப்பு தெரியாவிட்டாலும், அது 0-க்கும் 99-க்கும் இடைப்பட்டது என்று மட்டும் தெரிந்தால் நூறு இடமுள்ள அணிக்கு ஆபத்தில்லை என்று நிறுவிவிடலாம். இதைத் துல்லியமான கணிதமாக அவர்கள் ஆக்கினார்கள். 2003-இல் இக்கோட்பாட்டின் அடிப்படையில் அமைந்த ஆஸ்ட்ரே என்னும் கருவி, ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைப் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை ஆராய்ந்தது. ஏறத்தாழ 1,32,000 வரிகள் கொண்ட அந்தச் சி நிரலில் இயக்கநேரப் பிழை எதுவும் இல்லை என்று பொய் எச்சரிக்கை ஒன்றுகூட இல்லாமல் நிறுவப்பட்டது.

1988 நவம்பர்

1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் விடுவித்த நிரல் இணையத்தில் தானே பரவியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, பயனர் விவரம் தெரிவிக்கும் ஃபிங்கர் சேவை. அந்தச் சேவை 512 பைட்டு இடத்தில் வரும் வரியைக் கெட்ஸ் செயற்கூறால் வாங்கியது. புழு 536 பைட்டுகளை அனுப்பியது. மிகுந்த 24 பைட்டுகள் திரும்பும் முகவரியை மாற்றப் போதுமாக இருந்தன. அன்று இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 பாதிக்கப்பட்டிருக்கலாம் என்ற மதிப்பீடு பரவலாகச் சொல்லப்படுகிறது. அது தோராயக் கணக்குதான்.

மோரிசுக்கு 1990-இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணிநேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் எனப்படும் அவசரகாலக் குழு அமைக்கப்பட்டது. பின்னர் உலக நாடுகள் பலவற்றிலும் இதே மாதிரியில் குழுக்கள் தோன்றின. இந்தியாவின் செர்ட்-இன் 2004-இல் செயல்படத் தொடங்கியது. எனினும் வழிதல் குறையைத் தானியங்கியாகத் தேடும் முயற்சி மோரிஸ் புழுவுக்கு அடுத்த பத்தாண்டில் மெதுவாகவே நகர்ந்தது. ஃபிராக் என்னும் மின்னிதழில் 1996-இல் வந்த கட்டுரை ஒன்று அடுக்கு வழிதலைப் படிப்படியாகக் கற்றுத்தந்த பிறகே அவசரம் புரிந்தது எனலாம்.

சொல் தேடலிலிருந்து தரவுத் தடத்துக்கு

2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த முதல் பாதுகாப்புக் கருவிகள் எளியவை. ஐடிஎஸ்4 (2000), டேவிட் வீலரின் ஃபிளாஃபைண்டர் (2001) ஆகியவை மூலநிரலில் ஆபத்தான செயற்கூறுகளின் பெயர்களைத் தேடிப் பட்டியலிட்டன. ஸ்ட்ர்காப்பி எங்கே வந்தாலும் சொல்லும். படியெடுக்கப்படுவது நிரலாளரே எழுதிவைத்த ஐந்தெழுத்துச் சொல்லா, வலைப்பின்னலிலிருந்து வந்த சரமா என்பதைப் பிரித்தறிவதில் அவற்றின் ஆற்றல் மிகக் குறைவு. ஆனாலும் பல்லாயிரம் வரிகளுக்குள் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று திகைப்பவருக்கு இப்பட்டியல் பெரும் உதவி. ஃபிளாஃபைண்டர் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது.

அதே 2000-இல் பெர்க்லியைச் சேர்ந்த டேவிட் வாக்னரும் உடனிருந்தோரும் வேறு வழியைக் காட்டினர். ஒவ்வொரு சரத்தையும் இரு எண்களாகப் பார்த்தனர்: ஒதுக்கிய இடம் எவ்வளவு, பயன்படும் இடம் எவ்வளவு. இரண்டாவது எண் முதலாவதை மிஞ்சக்கூடுமா என்பதே கேள்வி. சென்ட்மெயில் என்னும் அஞ்சல் நிரலில் அவர்களின் கருவி தந்த 44 எச்சரிக்கைகளில் உண்மையானவை நான்கு. பத்துக்கு ஒன்பது பொய் என்றாலும், கண்ணால் பலமுறை ஆராயப்பட்ட நிரலில் கிடைத்த அந்த நான்கு குறைகளும் மதிப்புள்ளவையே.

பொய் எச்சரிக்கையை முற்றிலும் ஒழிக்க முடியாததற்குக் கணிதக் காரணம் உண்டு. நிரலின் நடத்தையைப் பற்றிய எந்தச் சுவையான கேள்விக்கும் எல்லா நிரல்களுக்கும் சரியான விடை தரும் ஒரே வழிமுறை இருக்க முடியாது என்று ஹென்றி ரைஸ் 1953-இல் நிறுவினார். ஆகவே கருவி செய்பவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. எதையும் தவறவிடக்கூடாது என்றால் பொய் எச்சரிக்கைகளைப் பொறுக்க வேண்டும். பொய் வேண்டாம் என்றால் சில உண்மைக் குறைகள் தப்பும். ஆஸ்ட்ரே முதல் வழியில் சென்று, ஒரு குறிப்பிட்ட வகை நிரலுக்கு மட்டும் தன்னைச் செதுக்கிக்கொண்டு வென்றது.

ஸ்டான்ஃபோர்டில் டாசன் எங்லரின் குழு இரண்டாவது வழியைத் துணிந்து எடுத்தது. அவர்களின் ஆய்விலிருந்து கவரிட்டி என்னும் நிறுவனம் பிறந்தது. லினக்ஸ் கரு போன்ற பெரிய நிரல்களில் அவர்கள் நூற்றுக்கணக்கான குறைகளைக் கண்டனர். 2006-இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆதரவோடு திறமூல நிரல்களை ஆராயும் திட்டமும் தொடங்கியது. அக்குழுவினர் 2010-இல் எழுதிய அனுபவக் கட்டுரை இத்துறை மாணவர் யாரும் தவறவிடக்கூடாதது. தொழில்நுட்பத்தைவிட மனித இயல்பைப் பற்றியே அதில் அதிகம் உள்ளது. நிரலாளருக்கு ஓர் எச்சரிக்கை புரியவில்லை என்றால் அதைப் பொய் என்று ஒதுக்கிவிடுகிறார். ஆகவே சிக்கலான, நுட்பமான குறைகளைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் இருந்தும் அதை மட்டுப்படுத்த வேண்டியிருந்தது என்று அவர்கள் பதிவு செய்கிறார்கள்.

கிண்டியில் படித்தவரின் ஸ்லாம்

மைக்ரோசாஃப்டில் இக்கதை தமிழ்நாட்டோடு தொடர்புகொள்கிறது. ஸ்ரீராம் ராஜாமணி சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். வர்ஜீனியாவில் முதுகலையும் பெர்க்லியில் முனைவர் பட்டமும் முடித்து, மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். அங்கே தாமஸ் பால் என்பவருடன் சேர்ந்து ஸ்லாம் திட்டத்தைத் தொடங்கினார்.

அக்காலத்தில் விண்டோஸ் முடங்கி நீலத்திரை காட்டுவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தவை அச்சுப்பொறி, வலைப்பின்னல் அட்டை போன்றவற்றுக்காக வெளி நிறுவனங்கள் சி மொழியில் எழுதிய இயக்கிகள். இயக்கிக்குச் சில விதிகள் உண்டு. பூட்டை எடுத்தால் விடுவிக்க வேண்டும். எடுத்த பூட்டை மறுபடி எடுக்கக்கூடாது. ஸ்லாம் ஒரு பெரிய சி நிரலை எடுத்து, அந்த விதிக்குத் தேவையான உண்மை, பொய் கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடும். கிடைப்பது ஒரு சிறிய பொம்மை நிரல். அதன் எல்லாப் பாதைகளையும் ஆராய்வது எளிது. பொம்மையில் விதிமீறல் தென்பட்டால், அது உண்மை நிரலிலும் நடக்கக்கூடியதா என்று திரும்பிச் சென்று பார்க்கும். நடக்காதது என்றால், தான் எதை மறந்ததால் ஏமாந்தது என்று கண்டறிந்து அந்த ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் தொடங்கும். தன் தவற்றிலிருந்து தானே திருந்திக்கொள்ளும் இந்தச் சுழற்சிதான் திட்டத்தின் உயிர்நாடி.

ஸ்லாம் பின்னர் ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபையர் என்ற பெயரில் இயக்கி எழுதுவோருக்கான தொகுப்பில் சேர்க்கப்பட்டது. ராஜாமணி பெங்களூருவில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வு மையத்துக்கு வந்து, பிறகு அதன் தலைவராகவும் பொறுப்பேற்றார். 2011-இல் அவருக்கும் பாலுக்கும் கணினி வழிச் சரிபார்ப்புத் துறையின் சிஏவி விருது வழங்கப்பட்டது. ஸ்லாம் நேரடியாகத் தாக்குதல்களைக் குறிவைத்ததன்று. ஆனால் கணிதக் கோட்பாட்டை விற்பனைக்கு வரும் பொருளில் நாள்தோறும் பயன்படுத்த முடியும் என்று அது காட்டியது.

மைக்ரோசாஃப்டில் பாதுகாப்புக்கான வேலை இணையாக நடந்தது. 1999-இல் இன்ட்ரின்சா நிறுவனத்தோடு பிரீஃபிக்ஸ் என்னும் பகுப்பாய்வுக் கருவியை அது வாங்கியிருந்தது. 2001-இல் கோட் ரெட் புழு பரவியதற்கு அடுத்த ஆண்டு, விண்டோஸ் உருவாக்கத்தைச் சில வாரங்கள் நிறுத்திவைத்து நிரலாளர்களைப் பாதுகாப்புக் குறை தேடும் வேலையில் இறக்கியது. செயற்கூறு எதிர்பார்க்கும் இடத்தின் அளவை நிரலிலேயே குறிப்பாக எழுதிவைக்கும் வழக்கமும் அங்கே வளர்ந்தது. லினக்ஸ் பக்கத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் ஸ்பார்ஸ் என்ற சிறு கருவியை எழுதினார். பயனரிடமிருந்து வந்த சுட்டியைக் கரு தன் சுட்டி என்று நினைத்து நம்பிவிடாமல் அது காவல் காத்தது.

ஹார்ட்பிளீட்: கருவிகள் காணாதது

2014 ஏப்ரல் 7 அன்று வெளிவந்த ஹார்ட்பிளீட் குறை இத்துறைக்குத் தலைக்குனிவாக அமைந்தது. இணையத்தின் மறைகுறியாக்கத்துக்கு அடிப்படையான ஓபன் எஸ்எஸ்எல் நிரலில், உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் ஒரு சிறு செய்தி உண்டு. கேட்பவர் சில எழுத்துகளையும் அவற்றின் நீளத்தையும் அனுப்புவார். சேவையகம் அவற்றை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு நீளம் 65,000 என்று பொய் சொன்னால், சேவையகம் தன் நினைவகத்தில் பக்கத்தில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், மறைகுறிச் சாவியும் இருக்கலாம். 2012 மார்ச் மாதம் வெளியான பதிப்பிலிருந்து இரண்டாண்டுகள் இது யார் கண்ணிலும் படவில்லை.

ஓபன் எஸ்எஸ்எல் பலமுறை நிலைப் பகுப்பாய்வுக்கு உட்பட்ட நிரல். கவரிட்டியும் அதை ஆராய்ந்திருந்தது. நீளத்தைக் குறிக்கும் எண் வெளியிலிருந்து வந்தது என்பது கருவிக்குப் புரியாததே தவறியதற்குக் காரணம். வலைப்பின்னல் வழி வந்த தரவு பல அடுக்குச் செயற்கூறுகளையும் சுட்டிகளையும் கடந்து அந்த வரிக்கு வந்துசேரும்போது அதன் பிறப்பிடம் மறைந்துபோகிறது. கவரிட்டி பொறியாளர்கள் பின்னர் கண்ட தீர்வு எளிமையானது, அழகானதும்கூட. வலைப்பின்னலில் எண்ணின் பெரிய பைட்டு முதலில் வரும். இன்டெல் வகைக் கணினியில் சிறிய பைட்டு முதலில் இருக்கும். ஆகவே வெளியிலிருந்து வரும் எண்ணின் பைட்டுகளை நிரல் இடம் மாற்றியாக வேண்டும். அப்படி இடம் மாற்றப்படும் எந்த எண்ணையும் நம்பத்தகாதது என்று கொள்ளலாம். இந்த ஒரு விதியைச் சேர்த்ததும் ஹார்ட்பிளீட் வரி கருவியின் கண்ணில் பட்டது.

நவசேவா, 2017 ஜூன்

2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்னும் தீநிரல் உக்ரைனில் வரிக்கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாகப் பரவி, உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க்கின் கணினிகளை முடக்கியது. அதே குழுமத்தின் ஏபிஎம் நிறுவனம் நடத்தும் நவசேவாவின் பெட்டக முனையமும் அதில் சிக்கியது. ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் மற்ற முனையங்கள் இயங்கின. இந்த முனையத்தில் எந்தப் பெட்டகம் எங்கே இருக்கிறது, யாருடையது என்பதைச் சொல்லும் கணினிகள் நின்றன. கையால் எழுதிச் சமாளிக்க வேண்டியதாயிற்று. சரக்குகளும் லாரிகளும் தேங்கின. பத்து நாட்களில் 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவியதாக மெர்ஸ்க்கின் தலைவர் 2018 ஜனவரியில் தெரிவித்தார். இழப்பு 20 முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனம் மதிப்பிட்டது.

நாட்பெட்யா பரவியது இரு வழிகளில். திருடிய கடவுச்சொற்கள் ஒன்று. எடர்னல்புளூ என்னும் தாக்கு முறை மற்றொன்று. இரண்டாவது வழிக்குக் காரணம் விண்டோஸின் கோப்புப் பகிர்வு இயக்கியில் இருந்த ஒரு சிறு தவறு. ஒரு பட்டியலின் அளவு 32 பிட் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. பட்டியலைச் சுருக்கிய பிறகு புதிய அளவை எழுதும்போது நிரல் கீழ்ப்பாதியான 16 பிட்டை மட்டும் மாற்றியது. மேற்பாதி பழையபடியே இருந்தது. எடுத்துக்காட்டாக 65,536 என்ற அளவு 65,000 ஆகச் சுருங்க வேண்டிய இடத்தில், இரு பாதிகளும் சேர்ந்து 1,30,536 என்று காட்டும். சுருங்க வேண்டிய அளவு இரட்டிப்பாகிவிடுகிறது. அந்த எண்ணை நம்பி, சிறிய இடத்துக்குள் பெரிய தரவு கொட்டப்பட்டது. நிரலாளர் தெரிந்தே எழுதியது போலத் தோன்றும் இத்தகைய வகைமாற்றங்களுக்குக் கருவிகள் பொதுவாக எச்சரிக்கை தருவதில்லை.

திருத்தம் 2017 மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. மே 12 அன்று வானாகிரை என்னும் தீநிரல் இதே குறையால் உலகை உலுக்கியும் இருந்தது. அப்படியிருந்தும் ஜூன் மாத இறுதியில் திருத்தப்படாத கணினிகள் ஏராளமாக இருந்தன.

தூத்துக்குடியை வைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011-இல் வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்ட இத்துறைமுகத்தின் வழியாகத் திருப்பூர், கரூர்ப் பகுதிகளின் துணிகளும் கடலோரத்தின் மீனும் இறாலும் பெட்டகங்களில் வெளியேறுகின்றன. இப்பெட்டகங்களில் பெரும்பகுதி கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. ஆகவே தூத்துக்குடியின் கணினிகள் நலமாக இருந்தாலும், கொழும்பிலோ தொலைவில் உள்ள கப்பல் நிறுவன அலுவலகத்திலோ ஏற்படும் முடக்கம் இங்குள்ள லாரி ஓட்டுநரையும் ஏற்றுமதியாளரையும் தொடும். குளிர்ப்பெட்டகத்தில் இருக்கும் இறாலுக்குக் காத்திருக்கும் பொறுமை கிடையாது.

இந்தியாவில் நடக்கும் பணி

இந்தியாவில் இத்துறையின் மூத்த நிலையம் புனேயில் உள்ளது. டாடா கன்சல்டன்சி நிறுவனம் 1981-இல் அங்கே நிறுவிய ஆய்வு மையத்தில் நிரல் பகுப்பாய்வுக் கருவிகள் பல ஆண்டுகளாக உருவாக்கப்பட்டு வருகின்றன. வாகனங்களில் பொருத்தப்படும் சி நிரல்களை ஆராயும் கருவி அவற்றுள் ஒன்று. அங்கு உருவான வெரிஆப்ஸ், மென்பொருள் சரிபார்ப்புக்கான பன்னாட்டுப் போட்டியில் சி நிரல்களுக்கான முக்கியப் பிரிவு ஒன்றில் 2020, 2021 ஆண்டுகளில் முதலிடம் பெற்றது. மும்பை ஐஐடியில் உதய் கேட்கர் தலைமையில் தரவோட்டப் பகுப்பாய்வு ஆய்வு நடந்தது. அமிதாப சன்யால், பகேஸ்ரீ கர்கரே ஆகியோருடன் அவர் 2009-இல் எழுதிய நூல் இத்துறையின் பாடநூல்களில் ஒன்று.

சென்னை ஐஐடியில் வேறு கோணத்தில் ஒரு முயற்சி நடந்தது. எல்லாக் குறைகளையும் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாது என்றால், மிஞ்சியவற்றைச் செயலி தடுக்கட்டும் என்பது அதன் நோக்கம். வி. காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலியின் ஒரு வகையாகச் சக்தி-எம்எஸ் 2019-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. சி நிரலின் ஒவ்வொரு சுட்டியுடனும் அதன் எல்லைகளைத் தொகுப்பி சேர்த்து வைக்கும்; எல்லை மீறும் கணத்தில் செயலி நிரலை நிறுத்தும்.

மாணவர்களுக்கு இன்று கருவிக்குப் பஞ்சமில்லை. கிளாங் தொகுப்பியோடு பகுப்பாய்வி இலவசமாகக் கிடைக்கிறது. 2020-இல் வந்த ஜிசிசி 10-ஆம் பதிப்பிலும் பகுப்பாய்வி சேர்க்கப்பட்டது. 1978-இல் ஜான்சன் பிரித்துவைத்த இரு வேலைகள் மீண்டும் தொகுப்பிக்குள் ஒன்றுசேர்ந்துவிட்டன. எனினும் தன் பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகத்தைத் தவறாகக் கையாளுவதால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் தெரிவித்தது. அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளிலும் இந்த விகிதம் ஏறக்குறைய மாறாமல் இருந்ததாகவும் அந்நிறுவனம் சொன்னது.